பாலைவன வாசலுக்கு முறைத்தண்ணீர்

அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் வெயில் ஏறத் தொடங்கியதும் சில தெருக்களில் நடுநிசி நடமாட்டம் கூடிவிடும். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் முழங்கால் உயர ரப்பர் காலணியும் கைவிளக்குமாகப் பின்கட்டுக்குப் போய், தரையில் பதித்திருக்கும் இரும்புத் திருகு மடையைச் சுற்றித் திறப்பார். உள்ளிருந்து தண்ணீர் பொங்கும். நான்கு பக்கமும் சிறு வரப்பு கட்டிய புல்தரை நிரம்பி, சில அங்குல உயரத்துக்கு நிற்கும். ஆரஞ்சு மரத்தின் தூரைச் சுற்றித் தண்ணீர் தளும்பும். ஒதுக்கிய நேரம் முடிந்ததும் மடையை அடைத்தாக வேண்டும். அடுத்த முறை பக்கத்து வீட்டுக்காரருடையது. கோடையில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இது நடக்கும். அமெரிக்காவின் ஐந்தாவது பெரிய நகரத்தையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்த்து இருபதாயிரத்துக்கும் கூடுதலான வீடுகள், வயலுக்குப் பாய்ச்சுவது போலவே வீட்டுத் தோட்டத்துக்கு இன்றும் வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சுகின்றன.

அந்த ஊரின் சராசரி ஆண்டு மழை சுமார் 180 மில்லிமீட்டர்தான். 1990 ஜூன் 26 அன்று வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அப்படிப்பட்ட இடத்தில் வீட்டு வாசலில் தண்ணீர் தேங்கி நிற்பதற்கும், அதே ஊரில் இன்னொரு தெருவில் வாசல் முழுக்கச் சரளைக்கல் கொட்டிக் கிடப்பதற்கும் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. யாருடைய தண்ணீர், எந்த நிலத்துக்கு உரியது, எந்தச் செடி அதைக் குடிக்கலாம் என்ற வழக்குகளின் வரலாறு அது.

சொனோரன் பாலைவனத்துக்கு ஐந்து பருவங்கள் என்று அங்குள்ள தாவரவியலாளர்கள் கணக்கிடுவார்கள். கோடை இரண்டாகப் பிரிகிறது. மேயும் ஜூனும் வறண்ட முன்கோடை; ஜூலையில் பருவமழை இறங்கியபின் வருவது புழுக்கமான கோடை. செடிகளுக்கு எமன் அந்த முன்கோடைதான். வானத்தில் மேகம் இருக்காது, காற்றில் ஈரம் இருக்காது, பகலோ ஆண்டிலேயே நீளமானது. தோஹோனோ ஓதாம் மக்களுக்கு இந்த உக்கிரத்தின் முடிவில்தான் ஆண்டு பிறக்கிறது. ஜூன் கடைசியில் சவாரோ கள்ளியின் உச்சியில் சிவந்த பழம் வெடிக்கும். பட்டுப்போன சவாரோவின் உள்நரம்புக் கழிகளையே ஒன்றோடொன்று கட்டித் துரட்டியாக்கி, அந்தப் பழத்தைப் பறிப்பார்கள். பாகு காய்ச்சிப் புளிக்கவைத்த மதுவை ஊர்கூடிப் பருகி மழையை அழைப்பார்கள். மழை வந்து, காட்டோடைகள் விரிந்து பரவும் முகப்பு நனைந்த பிறகே விதைப்பு. தெப்பரி என்ற சிறு அவரை, மக்காச்சோளம், பூசணி எல்லாம் அந்த வெள்ளத்தின் ஈரத்திலேயே விளைந்துவிடும்.

அவர்களின் வீட்டு முற்றத்தில் இருந்தது பந்தல். மெஸ்கீட் மரக் கால்களை நட்டு, மேலே சவாரோ கழிகளையும் செடித்தழையையும் பரப்பி, அதன் நிழலில் சமையல், உறக்கம், வேலை எல்லாம் நடந்தன. மெஸ்கீட் நமக்கு அந்நியமான மரமல்ல. தமிழ்நாட்டுக் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தின் பங்காளி அது. இங்கே சாபமாகிப்போன அந்த இனம் தன் சொந்த மண்ணில் நிழலும் விறகும் தந்தது; அதன் நெற்றை இடித்து மாவாக்கித் தின்றார்கள். பாலைவன வீட்டுக்கு முதல் தேவை நிழல் என்பதை அந்தப் பந்தல்கள் தெரிந்துவைத்திருந்தன. அதற்குப் பின் வந்தவர்கள் இதை மறந்து மறந்து கற்றார்கள்.

ஆற்றங்கரையில் கதை வேறு. சால்ட் ஆற்றிலிருந்து ஹோஹோகாம் என்று தொல்லியலாளர்கள் அழைக்கும் மக்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகள் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தார்கள். மரக்கோலும் கல்மண்வெட்டியும்தான் கருவி. சுமைக்கு மாடு கிடையாது. மண்ணைக் கூடையில் அள்ளிச் சுமந்தார்கள். அப்படி வெட்டிய வாய்க்கால்களின் மொத்த நீளம் பல நூறு கிலோமீட்டர். தண்ணீர் வேகமாக ஓடினால் கரை அரிக்கும், மெதுவாக ஓடினால் வண்டல் அடையும். இரண்டுக்கும் இடம் கொடுக்காத வாட்டத்தில் அவற்றை அமைத்திருந்தார்கள். 1450 வாக்கில் அந்தக் குடியிருப்புகள் கைவிடப்பட்டன. பீனிக்ஸின் நகரப் பொறியாளராக இருந்த ஓமர் டர்னி, புது வீடுகளும் வயல்களும் அழித்துக்கொண்டிருந்த அந்தத் தடங்களை வரைபடமாக்கி 1929இல் வெளியிட்டார். அவர் வரையாமல் விட்டிருந்தால் பாதித் தடம் இன்று நினைவிலும் இருந்திருக்காது.

1867இல் ஜாக் ஸ்விலிங் என்ற முன்னாள் தென்மாநிலக் கூட்டமைப்புப் படைவீரர் விக்கன்பர்க் சுரங்கப் பக்கமிருந்து வந்து, ஒரு பாசனக் கம்பெனியைத் தொடங்கி, அந்தப் பழைய வாய்க்கால் தடத்தையே தோண்டித் தண்ணீர் விட்டார். சுரங்கத் தொழிலாளருக்கும் படைமுகாமுக்கும் கோதுமையும் குதிரைத் தீவனமும் விளைவித்து விற்பது அவர் திட்டம். அழிந்த ஒன்றின் சாம்பலிலிருந்து புது ஊர் எழுகிறது என்று டாரல் டப்பா என்ற ஆங்கிலேயர் அதற்குப் பீனிக்ஸ் எனப் பெயர் வைத்தார். பழைய வாய்க்காலைத் தூர்வாரிப் பிழைத்தவர் ஸ்விலிங் ஒருவர் மட்டுமல்ல. 1878இல் மேசா ஊரை நிறுவிய மோர்மன் குடும்பங்களும் அதைத்தான் செய்தன.

இந்தக் கொண்டாட்டக் கதையில் அடிக்கடி விடுபடும் பகுதி ஒன்று உண்டு. தெற்கே ஹீலா ஆற்றங்கரையில் ஹோஹோகாம் மக்களின் வழித்தோன்றல்களான அகிமெல் ஓதாம் உழவர்கள் வாழ்ந்தார்கள். கலிபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போன கூட்டங்களுக்கு 1850களில் கோதுமை விற்றுக் காப்பாற்றியவர்கள் அவர்கள். மேலே குடியேறியவர்கள் ஆற்றை மறித்துத் தங்கள் வயலுக்குத் திருப்பத் திருப்ப, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த உழவர்களின் வாய்க்கால்கள் காய்ந்தன, பஞ்சம் வந்தது. பறிபோன தண்ணீருக்கு ஈடாக ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி நீர் அவர்களுக்கு உரியது என அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 2004இல்தான். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர்-அடி, ஏறத்தாழ 12.33 லட்சம் லிட்டர். அந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பசும்புல்தரைக்கும் இந்தக் கணக்கில் பங்குண்டு.

புல்தரை எப்போது வந்தது? அதே மாநிலத்தின் டூசான் நகரில் பழைய குடியிருப்பான பாரியோ வியஹோவில் நடந்தால் பதில் கிடைக்கும். மெக்சிகோக் குடும்பங்கள் கட்டிய பச்சைச் செங்கல் வீடுகள் தெருவோடு ஒட்டி நிற்கின்றன. முன்னால் தோட்டமே கிடையாது. தடித்த சுவர், சிறிய சாளரம், உள்ளே முற்றம். 1690களில் பாதிரியார் கீனோவின் காலத்திலிருந்து ஸ்பானியர் கொண்டுவந்த மாதுளையும் அத்தியும் அந்த முற்றங்களில் வளர்ந்தன. சமையலறைக் கழிவுநீரே அவற்றுக்குப் போதும். 1880இல் சதர்ன் பசிபிக் ரயில் டூசானுக்கு வந்தது. மரக்கட்டையும் தகரமும் கண்ணாடியும் மலிவாக இறங்கின. கிழக்கு மாநிலங்களிலிருந்து மனிதர்களும் இறங்கினார்கள். அவர்கள் வீட்டைத் தெருவிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டி, நடுவில் விட்ட இடத்தில் ஊர் நினைவாகப் புல் வளர்த்தார்கள். ஓஹையோவில் மழை தானாகச் செய்த வேலையை இங்கே வாளியும் வாய்க்காலும் செய்ய வேண்டியிருந்தது.

அந்தப் புல்லில் வெயிலுக்கு நின்று பிழைத்தது அருகம்புல். பெர்முடா என்ற பெயரில் பீனிக்ஸ் வாசல்களில் விரிந்திருப்பது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே புல்தான். குளிரில் அது பழுத்துக் காய்ந்துவிடும் என்பதால், அக்டோபரில் அதை ஒட்ட மழித்து மேலே ரைப்புல் விதைத்துக் குளிர்காலப் பச்சைக்கு வழிசெய்வார்கள். மே மாதம் ரைப்புல் வெந்து சாகும், அருகு மறுபடி துளிர்க்கும். இரண்டு பயிர், இரண்டு தண்ணீர். பாலைவனத்தில் ஆண்டு முழுவதும் ஒரே பச்சையைப் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்துக்கு இத்தனை விலை.

பீனிக்ஸில் 1870களிலிருந்தே நகர வாய்க்கால் தெருவோரம் ஓடியது. அதன் கரையில் காட்டன்வுட் மரங்கள் ஓங்கி வளர்ந்து குடைபிடித்தன. வில்லியம் மர்ஃபி 1885இல் முடித்த அரிசோனா வாய்க்கால் 66 கிலோமீட்டர் நீளம்; வடக்கே புது நிலங்களுக்கு ஈரம் கொடுத்து, ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு வழி திறந்தது. ஆனால் ஆறு சொன்னபடி கேட்கவில்லை. 1891இல் பெருவெள்ளம் வந்து கரைகளை அடித்துக்கொண்டு போனது. 1890களின் கடைசியில் தொடங்கிய வறட்சி பல ஆண்டு நீடித்தது. பழத்தோட்டங்கள் பட்டுப்போயின, குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின.

அந்த நெருக்கடியில் இரண்டு முடிவுகள் பிறந்தன. இன்றைய வாசல்வரை அவற்றின் பிடி நீள்கிறது. ஒன்று நீதிமன்றத்தில். தண்ணீர் வாய்க்கால் கம்பெனிக்குச் சொந்தமில்லை, பாயும் நிலத்தோடு ஒட்டியது என்று 1892இல் நீதிபதி ஜோசப் கிப்பி தீர்ப்பளித்தார். எந்த நிலம் எந்த ஆண்டு முதல் பாசனம் பெற்றது என்று மனைமனையாகப் பட்டியலிட்டு, 1910இல் நீதிபதி எட்வர்ட் கென்ட் அதை உறுதிப்படுத்தினார். மற்றது ஆற்றில். 1903இல் விவசாயிகள் சங்கமாகக் கூடி, தங்கள் நிலத்தையே அடமானமாக வைத்துக் கூட்டாட்சி அரசிடம் கடன் பெற்று அணை கட்ட ஒப்பினார்கள். மலைக்குள் பாதை வெட்டியவர்களில் பெரும்பங்கு அபாச்சி மக்கள். கல்லைச் செதுக்கி அடுக்கியவர்களில் இத்தாலியக் கொத்தர்கள் இருந்தார்கள். 280 அடி உயரத்துக்கு எழுந்த அந்த அணைக்கு முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பெயர்; 1911 மார்ச் 18 அன்று அவரே அதைத் திறந்துவைத்தார். கடன் அடைந்து தீர்ந்தது 1955இல்.

அதற்குள் கடன் வாங்கிய வயல்கள் பல காணாமல் போயிருந்தன. 1950இல் பீனிக்ஸின் மக்கள்தொகை 1,06,818. பத்தே ஆண்டில் 4,39,170. பருத்தியும் குதிரைமசாலும் விளைந்த நிலம் மனையாகப் பிரிந்தது. தண்ணீர் உரிமை நிலத்தோடு ஒட்டியது என்று தீர்ப்பு இருந்ததால், வயல் வீடானபோது உரிமையும் வீட்டோடு வந்துவிட்டது. ஆர்கேடியா என்ற பகுதியில் ஆரஞ்சுத் தோப்பை அழிக்காமல் மரங்களுக்கு நடுவே வீடு கட்டினார்கள். நகரின் நடுவே என்கான்டோ பக்கத்திலும் அப்படியே வாய்க்கால் நீர் தொடர்ந்தது. கூட்டுறவாகத் தொடங்கிய அதே அமைப்புதான், சால்ட் ரிவர் ப்ராஜெக்ட் என்ற பெயரில், இன்றும் 131 மைல் நீளத்துக்குப் பெருவாய்க்கால்களை நடத்துகிறது.

அதில் வேலை செய்பவரின் பதவிப்பெயர் சன்ஹேரோ, ஸ்பானியக் காலத்திலிருந்து வருவது. நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி செய்யும் வேலையை அங்கே அவர் செய்கிறார்: தலைமதகு திறப்பது, முறை பிரிப்பது, அளவு பார்ப்பது. தெருமுனை மதகுவரை தண்ணீரைக் கொண்டுவருவதோடு அவர் பொறுப்பு முடிந்துவிடும். அதற்கப்பால் உள்ள சிறு வாய்க்காலும் குழாயும் அந்தத் தெருக்காரர்களுடையது. அடைத்துக்கொண்டால் அவர்களே கூடித் தூர்வார வேண்டும். ஒருவர் மடையை அடைக்க மறந்து தூங்கிவிட்டால் அடுத்தவர் வாசல் வெள்ளக்காடாகும். அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் தெரிந்துவைத்திருக்க இதைவிட நல்ல காரணம் அந்த நகரத்தில் குறைவு. வாய்க்காலில் பாசி அடைக்காமலிருக்க 1980களின் கடைசியிலிருந்து புல்கெண்டை மீன்களை விட்டிருக்கிறார்கள். ஆனால் கரையோரக் காட்டன்வுட் மரங்கள் பிழைக்கவில்லை. தண்ணீரை உறிஞ்சுகின்றன என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அவற்றை வெட்டிவிட்டு, கரைக்குச் சிமென்ட் பூசினார்கள். ஊர் கூடிக் குளித்த நிழல் போனது. அந்த மிச்சத் தண்ணீருக்காக அத்தனை நிழலை இழந்தது வீண் என்றே இன்று படுகிறது.

டூசானுக்கு இப்படி ஓர் அணை இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சச் சாண்டா குரூஸ் ஆறு வற்றிப்போனது. ஊர் முழுக்க ஆழ்துளைக் கிணறுகளையே நம்பியிருந்தது. 1970களில் நகரின் நடுப்பகுதியில் நீர்மட்டம் வெகுவாக இறங்கியிருந்தது. முன்கோடை வந்தால் மாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் புல்லுக்குத் தண்ணீர் திறப்பார்கள், பம்புகள் திணறும். நகரமன்றம் 1976இல் கட்டணத்தைக் கடுமையாக ஏற்றியது. மேட்டுநிலத்து வீடுகளுக்குத் தண்ணீரை ஏற்றும் செலவையும் தனியாக வசூலித்தது. மக்கள் கொதித்தார்கள். 1977 ஜனவரியில் உறுப்பினர்களைத் திரும்ப அழைக்கும் தேர்தல் நடந்து, அந்த முடிவெடுத்தவர்கள் பதவி இழந்தார்கள். புதிதாக வந்தவர்களாலும் கட்டணத்தைப் பெரிதாகக் குறைக்க முடியவில்லை. நிலத்தடியில் தண்ணீர் இருந்தால்தானே?

அந்தக் கோடையிலேயே ‘பீட் த பீக்’ என்ற பிரசாரம் தொடங்கியது. பீட் என்ற வாத்து அதன் சின்னம். கேட்டது இரண்டே: மாலை நான்கு மணியிலிருந்து எட்டு மணிவரை செடிக்குத் தண்ணீர் விடாதீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாளுக்கு மேல் விடாதீர்கள். உச்சநேரத் தேவையைக் குறைத்து, புதுக் கிணறும் குழாயும் போடும் செலவைத் தள்ளிப்போடுவதே நகரத்தின் முதல் கணக்கு. மக்களோ ஒரு படி மேலே போனார்கள். புல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டுச் சரளை கொட்டினார்கள். பச்சையை விட மனமில்லாத சிலர் பச்சை வண்ணம் பூசிய சரளையைக் கொட்டினார்கள்.

சரளை வாசல் தண்ணீரைச் சேமித்தது உண்மை. அது ஒரு புதுத் தவற்றையும் கொண்டுவந்தது. மரம் இல்லாத சரளை பகல் முழுக்க வெயிலைக் குடித்து, இரவு முழுக்க வீட்டுச் சுவரின்மேல் உமிழ்கிறது. தண்ணீர்க் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணத்தில் விட வேண்டியதுதான். கொலராடோவின் டென்வர் நகரக் குடிநீர்த் துறை 1981இல் சீரிஸ்கேப் என்ற சொல்லை உருவாக்கியபோது சொன்னது வேறு: மண்ணைச் சீர்செய்வது, தண்ணீர்த் தேவை ஒத்த செடிகளைச் சேர்த்து நடுவது, தழையால் மூடாக்கு இடுவது, புல்லை உபயோகமுள்ள இடத்தில் மட்டும் வைப்பது. அந்தச் சொல் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தபோது வெறுங்கல் பரப்பாகச் சுருங்கிப்போனது வருந்தத்தக்கது.

உள்ளூர்ச் செடிகளின் அழகைக் காட்ட அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே சிலர் முயன்றிருந்தார்கள். ஸ்வீடனிலிருந்து வந்து பீனிக்ஸில் குடியேறிய குஸ்தாஃப் ஸ்டார்க், பாலைவனத்தைக் காப்போம் என்று எழுதி, தன் வீட்டை நோக்கி அம்புக்குறி போட்டு ஒரு பலகையை 1930களில் நட்டுவைத்தார். அதைப் பார்த்துச் சேர்ந்தவர்களில் கெர்ட்ரூட் வெப்ஸ்டர் என்ற செல்வந்தப் பெண்மணியும் ஒருவர். பாப்பகோ பூங்காவில் 1939இல் திறந்த பாலைவனத் தாவரவியல் தோட்டம் அப்படிப் பிறந்தது. பாலோ வெர்டியின் பச்சைத் தண்டும் ஒகட்டியோவின் சிவந்த பூவும் வீட்டு வாசலுக்கும் ஏற்றவை என்று ஒரு தலைமுறை அங்கே கண்ணால் பார்த்துக் கற்றது.

சட்டம் மெதுவாக வந்தது. கொலராடோ ஆற்றுத் தண்ணீரை 540 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 880 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரும் மத்திய அரிசோனா வாய்க்காலுக்கு நிதி வேண்டுமானால், நிலத்தடி நீரை உறிஞ்சுவதை முதலில் கட்டுப்படுத்துங்கள் என்று மத்திய அரசு அழுத்தியது. ஆளுநர் புரூஸ் பாபிட் காலத்தில் 1980இல் நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் வந்தது இப்படித்தான். நெவாடாவில் லாஸ் வேகாஸ் 1999 முதல் புல்லை எடுப்பவர்களுக்குப் பணம் கொடுத்தது. யாரும் கால்வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2026 முடிவுக்குப் பின் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது என்று அம்மாநிலம் 2021இல் சட்டமே இயற்றியது. பீனிக்ஸை ஒட்டிய ஸ்காட்ஸ்டேல், 2023 முதல் புது வீடுகளின் முன்வாசலில் இயற்கைப் புல் வளர்ப்பதைத் தடுத்துவிட்டது. டூசானிலோ தெருநீரை வாசல் மரத்துக்குத் திருப்பும் முயற்சி குடிமக்களிடமிருந்து வந்தது. பிராட் லங்காஸ்டர் என்ற மழைநீர் எழுத்தாளரும் அவருடைய அக்கம்பக்கத்தாரும் 1990களில் நடைபாதை விளிம்புக்கல்லை அனுமதியின்றி வெட்டி, தெருவில் ஓடும் மழையை மரக்குழிக்குள் விட்டார்கள். பின்னர் நகரமே அதை முறைப்படுத்தி அனுமதித்தது. வணிகக் கட்டடங்களின் தோட்டத் தேவையில் பாதியை மழைநீரால் ஈடுகட்ட வேண்டும் என்ற விதி 2010 ஜூனில் நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையில் வாய்க்கால் உரிமை இல்லாத வீடுகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் வந்து சேர்ந்தது. இஸ்ரேலில் சிம்கா பிளாஸ் என்ற பொறியாளர் வளர்த்தெடுத்து, 1965இல் ஹட்செரிம் கூட்டுப்பண்ணையோடு சேர்ந்து சந்தைக்குக் கொண்டுவந்த முறை அது. தண்ணீர் சிக்கனத்துக்கு அதைப்போல ஒன்றில்லை. ஆனால் தானியங்கிப் பெட்டியில் தினம் பத்து நிமிடம் என்று வைத்துவிட்டு மறந்துபோகும் பழக்கமும் கூடவே வந்தது. பாலைவன மரங்களைக் கொன்றது அந்தப் பழக்கம்.

காரணம் மண்ணில் இருக்கிறது. அங்கே மேல்மண்ணுக்கு அடியில் சுக்கான்பாறை அடுக்குண்டு. சால்ட் ஆற்றுக்கு அந்தப் பெயரே உப்பால் வந்தது. கொலராடோ ஆற்று நீரிலும் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகத் தினம் ஈரப்படுத்தினால் தண்ணீர் மேலேயே ஆவியாகி, உப்பு மட்டும் வேரைச் சுற்றித் தங்கும். இலை விளிம்பு கருகும். வேரும் ஈரத்தைத் தேடி மேலேயே படரும். ஜூன் வெயிலில் மேல்மண் வேகும்போது வேரும் வேகும். ஜூலையில் பருவமழையோடு புயல்காற்று வீசினால், தூரடியிலேயே குடித்துப் பழகிய மெஸ்கீட் மரங்கள் வேரோடு சாய்ந்து கார்மேல் விழும். நன்றாக ஆழத்துக்குப் பாய்ச்சிவிட்டு, மண் காயும்வரை காத்திருப்பதே அங்கே சரியான முறை. வரப்பு கட்டிய பழைய வாசல்களில் இது தானாக நடந்தது. சொட்டுநீர் வாசல்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மேசா, பீனிக்ஸ், ஸ்காட்ஸ்டேல் நகரங்கள் 1999இல் கூடித் தொடங்கிய தண்ணீர்ச் சிக்கனப் பிரசாரம் அந்தப் பாடத்தை வீடுவீடாகக் கொண்டுபோனது. கள்ளிக்கும் தரைப்படர்வுக்கும் ஓரடி ஆழம், புதருக்கு இரண்டடி, மரத்துக்கு மூன்றடி ஈரம் இறங்க வேண்டும் என்பது அதன் கணக்கு. பாலைவன மரத்துக்குக் கோடையில் ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, குளிரில் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாய்ச்சினால் போதும்.

இத்தனை கற்றபிறகும் வெயில் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. 2023இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43.3 டிகிரியை எட்டியது அல்லது தாண்டியது. சவாரோ இரவில்தான் துளைகளைத் திறந்து மூச்சுவிடும். இரவும் 32 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நாள்கணக்கில் நீடித்ததால், நூற்றாண்டு வாழ வேண்டிய கள்ளிகள் கைமுறிந்து சாய்ந்தன. அந்த ஓராண்டில் பீனிக்ஸ் அடங்கிய மரிகோபா மாவட்டத்தில் வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 645. கொலராடோ ஆற்றில் வரலாற்றிலேயே முதல் பற்றாக்குறையை மத்திய அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்தது. நகரப் பரப்பில் கால்பங்குக்கு 2030க்குள் மரநிழல் வேண்டும் என்று பீனிக்ஸ் 2010இல் எடுத்துக்கொண்ட இலக்கு எட்டப்படவில்லை. வாய்க்கால் பாயும் பழைய தெருக்கள் குளிர்ச்சியாகவும், சரளை கொட்டிய ஏழைத் தெருக்கள் உலையாகவும் இருப்பது தற்செயல் இல்லை; 1910இன் பட்டியலும் பிற்காலப் பணவசதியும் சேர்ந்து போட்ட கோடு அது. அலங்காரப் புல்லுக்குத் தண்ணீரை மறுப்பது நியாயம். அப்படி மிச்சமாகும் தண்ணீரில் ஒரு பங்கையாவது நிழல் இல்லாத தெருக்களின் மரத்துக்குக் கொடுக்காமல், மேலும் வீடு கட்ட மட்டும் கொடுப்பது நியாயமில்லை.

பீனிக்ஸை அடுத்த சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பின்கட்டில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்க்கின்றன. முருங்கைக்கு அந்த வெயில் ஒத்துவரும். கறிவேப்பிலைக்கு மாலை வெயிலிலிருந்து மறைப்பு வேண்டும். உங்கள் பிள்ளைகளோ உறவினரோ அங்கே வீடு வைத்திருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: ஏப்ரலிலேயே சொட்டுக்குழாயின் நுனி மூடியைக் கழற்றி உப்புக்கசடை வெளியேற்றட்டும். மரம் வளர்ந்திருந்தால் சொட்டுவாய்களைத் தூரிலிருந்து நகர்த்தி, கிளைநிழல் முடியும் வட்டத்துக்குக் கொண்டுபோகட்டும். நீளமான இரும்புக்கம்பியை மண்ணில் குத்தி, ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்கட்டும்; ஈரமண்ணில் கம்பி இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். எலுமிச்சை, ஆரஞ்சின் தாழ்ந்த கிளைகளைக் கோடைக்கு முன் வெட்ட வேண்டாம். வெட்டி அடிமரம் தெரிந்தால் வெள்ளை பூசட்டும். மனைக்கு வாய்க்கால் நீர் உரிமை இருக்கிறதா என்று விசாரித்து, இருந்தால் அதை மரத்துக்குப் பயன்படுத்தட்டும். புது மரம் வைக்க ஆசையிருந்தால் அக்டோபர்வரை பொறுத்திருக்கட்டும்.